ஒன்றாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது: ஊர்ப் பள்ளியா, பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியா, வேன் வரும் பள்ளியா?

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாய்க் கரையை ஒட்டி எண்பது, நூறு தலைக்கட்டு உள்ள ஊர்கள் நிறைய. அநேகமாக ஒவ்வொன்றிலும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கும். இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், ஒரு சத்துணவுக் கூடம், வாசலில் ஒரு வேப்ப மரம். எழுபது பிள்ளைகள் படித்த இடத்தில் இன்று பதினைந்தோ இருபதோதான் இருக்கிறார்கள். பிறப்பே குறைந்துவிட்டது: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைதான். மழை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போன குடும்பங்கள் பிள்ளைகளை அங்கேயே சேர்த்துவிட்டன. மிச்சப் பேரில் பாதியை ஏழரை மணி வேன் ஏற்றிக்கொண்டு போகிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கானது இந்தக் கட்டுரை. எங்கள் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊர்ப் பள்ளியில் இரண்டு ஆசிரியரும் உண்மையிலேயே வந்து பாடம் நடத்தினால், ஐந்தாம் வகுப்பு வரை அதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடைப்பது கடினம். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் கதை வேறு. அப்போதும் அடுத்துப் பார்க்க வேண்டியது நகரத்து மெட்ரிக்கை அல்ல, இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கும் நடுநிலைப் பள்ளியை.

தலையை எண்ணுவது

பெரும்பாலான வீடுகளில் பேச்சு தொடங்குவது ‘இங்கிலீஷ் மீடியமா, தமிழ் மீடியமா’ என்பதில். தொடங்க வேண்டியது ஆசிரியர் எண்ணிக்கையில். 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி, 1 முதல் 5 வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்கு ஆகஸ்ட் 1 நிலவரம்தான் அடிப்படை. 58 பேர் உள்ள பள்ளியில் இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் மனம் வைத்தால் மூன்றாவது ஆசிரியர் பணியிடம் கேட்க வழி பிறக்கும். 62 பேர் இருந்த பள்ளியிலிருந்து இருவர் வேன் ஏறினால் மூன்றாம் ஆசிரியர் ‘உபரி’ என்று கணக்கிடப்பட்டு, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். போனவரைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. பள்ளி மானியமும் இப்படித்தான்: 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 ஆனால் 25,000. சாக்பீஸ், கழிப்பறைச் சுத்தம், சிறு பழுது எல்லாம் இதற்குள்தான். 29-க்கும் 31-க்கும் நடுவே இருப்பது இரண்டு பிள்ளைகள், 15,000 ரூபாய்.

பதினாறு பேர் படிக்கும் பள்ளியில் இரண்டு ஆசிரியர் என்றால் ஒருவருக்கு எட்டுப் பிள்ளை. எந்தத் தனியார் பள்ளியிலும் காசு கொடுத்து வாங்க முடியாத விகிதம் இது. ஆனால் எட்டுப் பேரும் ஒரே வகுப்பு அல்ல. ஒருவர் 1, 2, 3 வகுப்புகளையும், மற்றவர் 4, 5 வகுப்புகளையும் சேர்த்து நடத்துவார். ‘மூணு வகுப்பையும் ஒண்ணா உக்கார வச்சா என்ன படிப்பு வரும்’ என்று பெற்றோர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் பிடிக்க 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்தக் கலப்பு வகுப்புக்கும் ஒத்துவரும்: பிள்ளைகளை வகுப்பாக அல்லாமல் நிலையாகப் பிரிக்கிறது. எழுத்து பிடிபடாத பிள்ளை அரும்பு, சொற்களைக் கூட்டிப் படிப்பது மொட்டு, வகுப்புக்குரிய நிலையில் இருப்பது மலர். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே ஒரு பிள்ளை அரும்பு நிலைப் பயிற்சியைச் செய்யலாம், யாரும் ‘மக்கு’ என்று சொல்லப்போவதில்லை. எட்டுப் பேரை மூன்று நிலையாகப் பிரித்து உட்கார வைத்து, ஒவ்வொரு பாயிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து எழும் ஆசிரியர் வாய்த்தால் பிள்ளை தப்பாமல் கற்றுக்கொள்ளும்.

கெடுவது எங்கே என்றால், இரண்டில் ஒன்று குறையும்போது. பயிற்சி, மருத்துவ விடுப்பு, ஆள் இல்லாத வேறு பள்ளிக்கு மாற்றுப்பணி, 12 மாத மகப்பேறு விடுப்பு. மகப்பேறு விடுப்பு ஆசிரியையின் உரிமை, அதில் மறுபேச்சில்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது துறையின் பொறுப்பு, அது நடக்காத இடத்தில்தான் பிள்ளைகள் பாதிக்கப்படுகிறார்கள். மிஞ்சியவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் வேலையும் அவருடையதே, செல்போனில் எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகைப் பதிவும் அவருடையதே. நெட்வொர்க் கிடைக்காத ஊரில் அதற்காக மைதானத்தின் மூலைக்கு நடக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகள் ‘பார்த்து எழுது’தான்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒரு செவ்வாய் அல்லது புதன் காலை பத்து மணிக்கு, சொல்லாமல் போங்கள். கட்டடம், வர்ணம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் பிறகு. சத்துணவு அமைப்பாளரிடம் ‘போன மாசம் ரெண்டு டீச்சரும் சேர்ந்து எத்தனை நாள் வந்தாங்க’ என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாதது பள்ளியில் இருக்காது. பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைத் தமிழ்ப் புத்தகத்தில் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். சிலேட்டில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 25 என்று வந்தால் நல்லது. 35 என்று எழுதினால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது, கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை என்று அர்த்தம். இதே இரண்டு சோதனையையும் உங்கள் தெருவில் வேனில் போகும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடமும் மாலையில் செய்துபாருங்கள். ஆங்கிலப் புத்தகத்தில் நடத்தாத பக்கத்தையும் காட்டுங்கள். சீருடையையும் டையையும் பார்த்து வந்த எண்ணம் அந்தப் பத்து நிமிடத்தில் உறுதிப்படலாம், மாறவும் மாறலாம். எதுவானாலும் கண்ணால் பார்த்து எடுத்த முடிவாக இருக்கும்.

வேன் வரும் பள்ளி

இதில் இரண்டு வழி: கட்டணம் கட்டிச் சேர்ப்பது, கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்ப்பது. இரண்டாவதைப் பற்றி ஊர்ப்பக்கம் பெரிய நம்பிக்கை இருக்கிறது, ஆகவே விதியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறுபான்மைப் பள்ளி அல்லாத, சுயநிதிப் பள்ளியின் நுழைவு வகுப்பில், அது எல்.கே.ஜி. ஆகவும் இருக்கலாம் ஒன்றாம் வகுப்பாகவும் இருக்கலாம், நான்கில் ஒரு பங்கு இடம். 20 பேர் சேரும் வகுப்பில் 5 இடம். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழுள்ள நலிந்த பிரிவினருக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும். மனுக்கள் கூடுதலாக வந்தால் குலுக்கல். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியில்தான் சிற்றூர்ப் பெற்றோர் தடுக்கி விழுகிறார்கள். மெட்ரிக் பள்ளி எட்டு கிலோமீட்டர் தள்ளி, தாலுகா ஊரில் இருக்கிறது. அங்கே உறவினர் வீட்டு முகவரியைக் காட்டி மனுப் போடச் சொல்பவர்கள் உண்டு. சரிபார்ப்பில் மனு தள்ளுபடி ஆகும், அதற்குள் ஊர்ப் பள்ளியில் சேர்க்கையும் தள்ளிப்போயிருக்கும். காலமும் நம் கையில் இல்லை. மத்திய நிதி நிலுவையால் 2025-26 கல்வியாண்டுக்கான 25 விழுக்காட்டுச் சேர்க்கை பள்ளி திறந்து மாதங்கள் கடந்து அக்டோபரில்தான் தொடங்கியது.

இடம் கிடைத்தாலும் இலவசம் எட்டாம் வகுப்பு வரைதான். அரசு பள்ளிக்குக் கொடுப்பது கல்விக் கட்டணத்தை. வேன், ஷூ, டை, விழாச் செலவு என்று வருபவை பெற்றோர் தலையில் விழுவதுண்டு. சேரும்போதே எது எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

கட்டணம் கட்டிச் சேர்ப்பவர்கள் இரண்டு காகிதம் பார்க்க வேண்டும். ஒன்று அங்கீகார ஆணை, அதில் அது எந்த ஆண்டு வரை செல்லும் என்ற தேதி. மற்றது, அந்தப் பள்ளிக்குக் கட்டண நிர்ணயக் குழு வகுத்த கட்டணம். காட்டத் தயங்கும் பள்ளியில் ரசீதிலும் தகராறு வரும். வேன் மாதம் 800 ரூபாய் என்று வைத்தால் பத்து மாதத்துக்கு 8,000, ஐந்தாண்டில் 40,000. இது கல்விக் கட்டணம் சேராமல்.

பணத்தைவிட நேரம் பெரிது. போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால் 200 நாளுக்கு 300 மணி நேரம். தொடக்க வகுப்புக்கு ஆண்டு முழுவதற்கும் சட்டம் கேட்கும் கற்பித்தல் நேரமே 800 மணிதான். ஐந்து வயதுப் பிள்ளை ஏழரை மணிக்கு இரண்டு வாய் சாப்பிட்டோ சாப்பிடாமலோ ஏறி, வேனில் தூங்கி, மாலை ஐந்தரைக்கு வாடிப்போய் இறங்குகிறது. ஊர்ப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு தெரு நடந்து, காலை உணவில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய இந்தக் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது. விடியற்காலையில் களை எடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போகும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாது.

வண்டியையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். 2012-இல் வந்த பள்ளி வாகன விதிகள் மஞ்சள் வண்ணம், உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாவற்றையும் கேட்கின்றன. பள்ளியின் பெயரில் இல்லாத, யாரோ ஓட்டும் ஆம்னி வேனில் இவற்றில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. சிறு நகரங்களில் ‘நர்சரி அண்டு பிரைமரி’ பள்ளிகள் பல ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஊர்ப் பள்ளியும் ஐந்தோடு முடிகிறது என்ற குறையைச் சொல்லி அங்கே போவதில் பொருளில்லை.

வேன்தான் சரி என்ற வீடும் உண்டு. அப்பா அம்மா இருவரும் தாலுகா ஊரிலேயே வேலை பார்த்து, பிள்ளையைத் தாங்களே கொண்டுபோய் விட்டு, மாலையில் உட்கார்ந்து ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் முடிந்தால், நேர இழப்பும் குறைகிறது, பாடமும் மனப்பாடமாக நின்றுபோகாது.

நடுநிலைப் பள்ளி

ஊர்ப் பள்ளியில் ஒரு பருவத்துக்கு மேலாக ஒரே ஆசிரியர்தான் என்றால் காத்திருக்க வேண்டாம். 1 முதல் 8 வரை உள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆள்பலம் கூடுதல். 6 முதல் 8 வரைக்கு வகுப்புக்கு ஒருவராவது வேண்டும், கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று சட்டம் சொல்கிறது. ஒருவர் விடுப்பில் போனாலும் பள்ளி படுத்துவிடாது. ஆறாம் வகுப்புக்கு மறுபடி பள்ளி தேட வேண்டியதும் இல்லை. ஆங்கில வழிப் பிரிவு, எல்.கே.ஜி. உள்ள நடுநிலைப் பள்ளிகளும் உண்டு.

சிக்கல் வழியில்தான். மூன்று கிலோமீட்டர் ஐந்து வயதுக் காலுக்கு ஒரு மணி நேர நடை, ஐப்பசி கார்த்திகையில் ஓடையில் தண்ணீர் வந்தால் அதுவும் இல்லை. டவுன் பஸ் நேரத்தைப் பாருங்கள். காலை உணவு பள்ளி மணிக்கு முன்பே பரிமாறப்படுகிறது. ஒன்பதரைக்கு வந்து சேரும் பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு அது கிடைக்காது. நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டோ பேசுவதுதான் நடைமுறையில் நிற்கும். ஏழாம், எட்டாம் வகுப்பு அக்கா அண்ணன் ஒருவராவது அந்த ஆட்டோவில் இருக்கட்டும்.

அரசின் போக்குவரத்துப் படி ஒன்று உண்டு: ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை. இது விதிப்படியான தூரத்துக்குள் பள்ளி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிக்கு அந்தத் தூரம் 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரைக்கு 3 கிலோமீட்டர். உங்கள் ஊரில் பள்ளி திறந்திருக்கும்போது நீங்களாகப் பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பணத்தை எதிர்பார்க்கக் கூடாது. ‘பிள்ளை கம்மி, பெரிய பள்ளியோட சேர்த்துடலாம், வண்டிக்கு ஏற்பாடு பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால், எந்த மாதத்திலிருந்து, எத்தனை ரூபாய், பணம் வந்து சேரும்வரை ஆட்டோக்காரருக்கு யார் கொடுப்பது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே தலையாட்டுங்கள். பூட்டிய பள்ளியைத் திறப்பது அரிது. 2019-இல் மாணவர் இல்லாத 46 அரசுப் பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டன. பள்ளியைக் காக்க வேண்டியது பதினைந்து பேர் இருக்கும்போதே.

பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளி இருந்தால் அதையும் இதே தராசில் வையுங்கள். ஆசிரியர் சம்பளம் அரசுடையது, சத்துணவு உண்டு, ஊரகப் பகுதியில் 2024 ஜூலை 15 முதல் காலை உணவும் உண்டு. ஐந்து வரை தாராளமாகப் படிக்கலாம். ஆறாம் வகுப்பில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு வாசல்

மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி இதில் வராது. பெண்களுக்கான புதுமைப் பெண், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய், அதற்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். தமிழ் வழியில் படித்த உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் இதில் சேர்க்கப்பட்டுள்ளனர். 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5-லும் புதுமைப் பெண்ணிலும் வழி வைத்திருக்கிறார்கள். கட்டணம் கட்டிப் படித்தவர்கள் ஆறாம் வகுப்புக்கே அரசுப் பள்ளிக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஏழில் திரும்பினால் ஓர் ஆண்டில் வாய்ப்புப் போய்விடும்.

தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை வேறு கணக்கு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிச் சான்று கேட்கிறார்கள். இங்கே ஈராசிரியர் பள்ளிகளில் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. சேர்க்கையைக் கூட்ட வேண்டி ‘இங்கிலீஷ் மீடியம் உண்டு’ என்று பலகை வைத்து, எமிஸில் பிள்ளையை ஆங்கில வழி என்று பதிந்துவிடுவார்கள். வகுப்பறை ஒன்றுதான், ஆசிரியர் ஒருவர்தான், நடப்பது தமிழில்தான். ஆங்கிலமும் கூடுதலாக வரவில்லை, 20 விழுக்காட்டு உரிமையும் காகிதத்தில் போய்விட்டது. தனி ஆசிரியரோடு ஆங்கில வழிப் பிரிவு உண்மையில் நடந்தால் மட்டும் அதில் சேருங்கள். இல்லையென்றால் சேர்க்கும் அன்றே ‘தமிழ் வழி’ என்று பதியச் சொல்லி, பதிவைத் திரையில் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊர்ப் பள்ளியில் சேர்ப்பவர்களுக்கு

சேர்த்ததோடு வேலை முடியவில்லை, நாள்கள் முக்கியம். அரசுப் பள்ளிச் சேர்க்கை அண்மை ஆண்டுகளில் மார்ச் 1-லேயே தொடங்கிவிடுகிறது. வேன் பள்ளிக்காரர்கள் பொங்கல் முடிந்ததும் வீடு வீடாக வந்துவிடுவதால், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் அதற்கு முன்பே, அங்கன்வாடிப் பதிவேட்டில் ஐந்து வயதைத் தொடும் பிள்ளைகள் யார் யார் என்று எழுதிக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணைகளில் உட்கார வேண்டும். இரண்டாவது ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புகை வாங்கி வையுங்கள். அதே கோரிக்கையை மே 1 கிராம சபையிலும் தீர்மானமாக ஏற்றுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் கையில் காகிதம் இருக்கும். ‘ஆசிரியர் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். எத்தனை பிள்ளைகள், எந்தத் தேதியிலிருந்து ஓராசிரியர், அட்டவணைப்படி எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று மூன்று எண்ணையும் எழுதுங்கள்.

வேனில் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையை நடுவில் திருப்ப விரும்புபவர்கள், அந்தப் பள்ளி ‘பாக்கி கட்டினால்தான் டிசி’ என்று சொல்வதைக் கேட்டு ஓராண்டை இழக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆதார், பழைய பள்ளியின் எமிஸ் எண் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய பள்ளி எமிஸ் பதிவை விடுவிக்காமல் வைத்திருந்தால் தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஆகஸ்ட் 1-க்கு முன் பெயர் ஊர்ப் பள்ளிக் கணக்கில் ஏறிவிட வேண்டும்.